ககேத்தி திராட்சைத் தோட்டங்களில் ஒரு நாள்: சந்தூர் மாங்கன்றுக்காரன் பார்த்தது

சந்தூரில் எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக மாங்கன்று ஒட்டுக்கட்டுகிறோம். கூழ் ஆலைகள் கழித்துப் போடும் மாங்கொட்டையை வாங்கி வந்து முளைக்க வைத்து, அதன்மேல் அல்போன்சா, செந்தூரா, பெங்களூரா என்று கேட்ட ரகத்தைக் கட்டிக் கொடுப்பதுதான் பிழைப்பு. என் மகள் ஜார்ஜியாவின் தலைநகரம் திபிலிசியில் மருத்துவம் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். கிருஷ்ணகிரி, போச்சம்பள்ளி, தருமபுரி பக்கத்தில் அங்கே பிள்ளையை அனுப்பியிருக்கும் பெற்றோர் சிலரை எனக்குத் தெரியும். நாங்கள் போய்வந்த பிறகு அவர்கள் எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி: "புள்ளைக்குக் காலேஜ் இருக்கிற நாள்ல நாம என்னங்க பண்றது?" அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ககேத்தி என்ற பகுதிக்கு ஒரு நாள் கூட்டிப்போய், இயற்கை முறைத் திராட்சைத் தோட்டங்களையும் பழைய முறையில் ஒயின் செய்வதையும் காட்டும் பயணம் அது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குக் குடிப்பழக்கம் கிடையாது. நாங்கள் போனது புரட்டாசி இரண்டாம் சனிக்கிழமை. என் மனைவி அன்றைக்கு ஒரு பொழுது. "ஒயின் காட்டுற இடத்துக்குப் புரட்டாசி சனிக்கிழமையில போறதா?" என்று அவளுக்கு மனசே ஒப்பவில்லை. மகள்தான், "தோட்டம் பார்க்கப் போறோம்மா, யாரும் குடின்னு சொல்ல மாட்டாங்க" என்று சமாதானம் செய்தாள். அவள் சொன்னபடியே நடந்தது. கோப்பையைக் கையால் மறித்ததும் வேறு பேச்சில்லாமல் திராட்சைச் சாறு கொண்டுவந்து வைத்தார்கள். இந்த ஒரு தயக்கத்தால் போகாமல் இருக்க வேண்டாம்.

காலை எட்டரைக்கு மெட்ரோ நிலையம் ஒன்றின் வாசலில் வண்டி ஏற்றிக்கொண்டது. ஓட்டுநர், வழிகாட்டிப் பெண், எங்களோடு சேர்த்து ஏழு பேர். தலைக்கு 190 லாரி. லாரி என்பது அவர்கள் நாட்டுப் பணம், நாங்கள் மாற்றியபோது ஒரு லாரி 30 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே இருந்தது. மதியச் சாப்பாடும் அதில் அடக்கம். கொம்போரி என்ற மலைவழியில் ஏறி இறங்கி தெலாவி ஊருக்குப் போகிறார்கள். வளைவுகள் அதிகம். அஞ்செட்டி மலைப்பாதையில் தலை சுற்றுகிறவர்கள் இங்கேயும் எலுமிச்சம்பழம் எடுத்துப் போங்கள். மலை இறங்கியதும் அலஸானி ஆற்றுச் சமவெளி. அந்தப் பக்கம் காக்கசஸ் மலைத்தொடர் சுவர்போல நிற்கிறது, நடுவில் கண்ணுக்கு எட்டிய வரை திராட்சைக் கொடி. செப்டம்பர், அக்டோபரில் அங்கே அறுவடை. அதை ர்த்வேலி என்கிறார்கள். எங்கள் பக்கம் மே, ஜூனில் மாங்காய் வண்டிகள் வரிசை கட்டுகிற மாதிரி, அங்கே திராட்சை ஏற்றிய வண்டிகள் சாலையோரம் வரிசையாக நின்றன.

முதலில் போனது ஒரு குடும்பத் தோட்டம். அந்த வீட்டுப் பெரியவருக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். ஆங்கிலம் தெரியாது, மருமகள்தான் பேசினார். சில இடங்களில் என் மகள் தான் கற்ற ஜார்ஜிய மொழியில் கேட்டுச் சொன்னாள். மற்றவர்கள் நிழலில் போய் உட்கார்ந்துவிட, நான் கொடியின் அடியில் குந்திவிட்டேன். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் ஒரு முண்டு. மேலே ஒரு பருமன், கீழே ஒரு பருமன், பட்டையின் வெடிப்பும் வேறு வேறு. இந்த முண்டை நான் ஆயிரக்கணக்கான மாமரத்தில் பார்த்தவன். கையை வைத்துக் காட்டி, "ஒட்டா?" என்று சைகையில் கேட்டேன். பெரியவர் முகம் மலர்ந்துவிட்டது. பாக்கெட்டிலிருந்து மடக்குக் கத்தியை எடுத்து, கிடந்த ஒரு குச்சியில் எப்படிச் சீவுவார் என்று காட்டினார். நாங்கள் மாங்கன்றில் ஆப்பு வைப்பதுபோல ஒரு சீவல், அதில் நாக்குபோல இன்னொரு கீறல் கூடுதல். கட்டியபின் காற்றில் ஆடினாலும் நழுவாது. இதை நான் வீட்டில் செய்து பார்க்கப் போகிறேன்.

ஒட்டு எதற்கு என்றால், அது ஒரு பூச்சியின் கதை. அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு வேர்ப்பேன் 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஐரோப்பாவின் திராட்சைத் தோட்டங்களை வேரோடு அழித்துக்கொண்டே வந்து, அந்த நூற்றாண்டு முடிவதற்குள் ஜார்ஜியாவையும் பிடித்தது. அந்தப் பூச்சியைத் தாங்குவது அமெரிக்கக் காட்டுத் திராட்சையின் வேர் மட்டும்தான். அதனால் கீழே அந்த வேர், மேலே தங்கள் ரகம். மேலே செந்தூரா, கீழே கூழ் ஆலைக் கொட்டை என்று நாங்கள் செய்கிற அதே வேலை.

ரகங்கள் மட்டும் 500க்கு மேல் அந்தச் சின்ன நாட்டுக்குச் சொந்தமாக உண்டு. நம் பாதித் தமிழ்நாட்டைவிடக் கொஞ்சம்தான் பெரிய நாடு. சோவியத் காலத்தில் அதிக மகசூல் தரும் சில ரகங்களை மட்டும் நடச் சொன்னதால் மற்றவை வீட்டுக் கொல்லைகளிலும் ஆராய்ச்சித் தோட்டங்களிலும்தான் பிழைத்துக் கிடந்தனவாம். 1985இல் சோவியத் தலைவர் கொர்பச்சோவ் மதுவுக்குக் கடும் கட்டுப்பாடு கொண்டுவந்தபோது தோட்டங்களையே பிடுங்கினார்கள். அப்புறம் 2006இல் ரஷ்யா ஜார்ஜிய ஒயினுக்குத் தடை போட்டது, 2013 வரை அந்தச் சந்தை மூடியே இருந்தது. அளவுக்கு மேல் விளைவித்து ஒரே சந்தையை நம்பியிருந்தவர்கள் அப்போதுதான் தரத்தின் பக்கம், பழைய முறையின் பக்கம் திரும்பினார்கள் என்று அந்த மருமகள் சொன்னார். பெங்களூரா மாங்காயைக் கூழ் ஆலை எடுத்தால் விலை, எடுக்காவிட்டால் சாலையோரம் கொட்டுவது என்று இருக்கிற நம் விவசாயிகள் இந்த ஒரு விஷயத்தைக் கேட்பதற்காகவே அங்கே போகலாம். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

ரகங்களின் பெயரும் நம் ஊர்ப்பாணிதான். வெள்ளைத் திராட்சையில் முக்கியமானது ர்க்காட்சிதெலி, சிவந்த காம்பு என்று அர்த்தம். கருப்பில் முக்கியமானது சப்பெராவி, அதற்குச் சாயம் என்று பொருள். ஒரு சப்பெராவிப் பழத்தைப் பறித்து உள்ளங்கையில் நசுக்கச் சொன்னார்கள். சாதாரணமாகக் கருப்புத் திராட்சையில் தோல்தான் கருப்பு, சாறு வெளுப்பாகவே வரும். நம் கம்பம் பன்னீர் திராட்சையைப் பிழிந்து பார்த்தால் தெரியும். இதில் சதையே சிவப்பு. கையில் ரத்தம் மாதிரி ஓடியது. ஞாயிற்றுக்கிழமை வரை ரேகையில் சாயம் போகவில்லை.

மருந்து என்ன அடிக்கிறீர்கள் என்று கேட்டேன். கந்தகமும் மயில்துத்தமும் என்றார். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவையை நாங்களும் நாற்றங்காலில் அடிக்கிறோம், அது இயற்கை விவசாயத்தில் அனுமதி உள்ளதுதான், அளவுக்குக் கட்டுப்பாடு உண்டு. களைக்கொல்லி கிடையாது. வரிசைக்கு நடுவே புல் இடுப்பளவு நின்றது, கொடியின் அடியை மட்டும் கொத்தி விட்டிருந்தார்கள். இயற்கை விவசாயம் என்று பலகை மாட்டிவிட்டு மறைவில் எதையும் ஊற்றும் ஆட்களையும் பார்த்திருக்கிறேன். இங்கே புல்லைப் பார்த்தாலே போதும், பொய் சொல்லவில்லை.

வீட்டை ஒட்டிய கொட்டகைக்குப் பெயர் மராணி. உள்ளே நுழைந்தால் பாத்திரம் எதுவும் இல்லை, மண்தரையில் வட்ட வட்டமாக வாய் மட்டும் தெரிகிறது. கழுத்து வரை பூமிக்குள் புதைத்த மண்பானைகள். குவெவ்ரி என்று பெயர், முட்டை வடிவம், அடி கூர்மை. அந்த வீட்டில் பெரியது ஏறக்குறைய 1,500 லிட்டர் பிடிக்குமாம். திராட்சையை நசுக்கி, சாறு, தோல், கொட்டை எல்லாவற்றையும் சேர்த்து இதில் ஊற்றுகிறார்கள். ஈஸ்ட் எதுவும் சேர்ப்பதில்லை, தோட்டத்திலிருந்தும் கொட்டகையிலிருந்தும் தானாக வருவதே போதும். நொதிக்க ஆரம்பித்ததும் தோல் எல்லாம் மேலே வந்து தொப்பிபோல நிற்கும். அதை ஒரு நாளைக்கு நாலைந்து தடவை நீளமான மரத்துடுப்பால் அமுக்கி உள்ளே தள்ள வேண்டும், விட்டால் மேல்பகுதி காடியாகிவிடும். எங்கள் முன்னால் பெரியவர் அமுக்கினார். அமுக்கிய இடத்திலிருந்து தோசைக்கல்லில் மாவு ஊற்றினால் வருகிற மாதிரி 'சொய்' என்று ஒரு சத்தம். அது அடங்குவதற்குள் தொப்பி மறுபடி மெதுவாக எழுந்தது. குனிந்து காதை வைத்துக் கேட்டேன்.

உடனே பெரியவர் என் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். ஒரு மெழுகுவர்த்தியைக் கொளுத்தி, கம்பியில் கட்டி, பானை வாய்க்குள் இறக்கினார். ஒரு முழம் போவதற்குள் அணைந்துவிட்டது. நொதிக்கும்போது வரும் கரியமிலவாயு அங்கேயே தேங்கி நிற்கும். அதைச் சுவாசித்தால் மயங்கி விழ வேண்டியதுதான்.

அதுவரை முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வாசற்படியிலேயே நின்ற என் மனைவி அப்போதுதான் உள்ளே வந்தாள். "ஏங்க, இது எங்க அப்பா வீட்டு ராகிக்குழிதாங்க!" என்றாள். அவள் தேன்கனிக்கோட்டைப் பக்கம். அந்தக் காலத்தில் களத்துமேட்டில் குழி வெட்டி, வாய் குறுகலாகவும் வயிறு அகலமாகவும் விட்டு, வைக்கோல் போட்டு ராகியைக் கொட்டி, மேலே பலகைக்கல் வைத்து மண்ணால் மெழுகிவிடுவார்கள். வருஷக்கணக்கில் கெடாது. திறக்கிற அன்று யாரும் உடனே இறங்கமாட்டார்கள். ஒரு நாள் காற்றாட விட்டு, விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்த்து, அணையாமல் இருந்தால்தான் ஆள் இறங்குவது. இதை மகள் மொழிபெயர்த்துச் சொன்னதும் பெரியவர் என் மனைவியைப் பார்த்து என்ன தானியம் என்று கேட்டார். அவள் விரல்நுனியைச் சேர்த்துக் கடுகளவு காட்டினாள். "கோமி, கோமி!" என்று தலையை ஆட்டினார். மேற்கு ஜார்ஜியாவில் முன்பு தினையில் கிண்டிய களிக்கு அந்தப் பெயராம், இப்போது மக்காச்சோளத்தில் செய்கிறார்கள். அதற்கப்புறம் அந்த வீட்டில் எங்களுக்குக் கிடைத்த கவனிப்பே வேறு.

நொதித்து அடங்கியதும் கல் மூடி வைத்து, ஈரக் களிமண்ணால் பூசி மூடிவிடுவார்கள். ககேத்தி முறையில் வெள்ளைத் திராட்சையையும் தோலோடு ஐந்தாறு மாதம் விட்டு, பங்குனி, சித்திரைவாக்கில்தான் திறக்கிறார்கள். கொட்டைகள் கூரான அடியில் போய் ஒதுங்கி, மேலே வண்டல் படிந்து மூடிக்கொள்வதால் கசப்பு அளவோடு நிற்கிறது. பூமியின் குளிர்ச்சி ஒரே சீராக இருப்பதால் மின்சாரம் தேவையில்லை. தோலோடு ஊறுவதால் ஒயின் வெள்ளையாக இல்லாமல் டீ டிகாஷன் நிறத்தில் இருக்கிறது. இந்த முறையை யுனெஸ்கோ 2013இல் மரபுப் பட்டியலில் சேர்த்தது. திபிலிசிக்குத் தெற்கே கதாச்ரிலி கோரா, சுலாவெரிஸ் கோரா என்ற இரண்டு மேடுகளில் கிடைத்த பானை ஓடுகளைச் சோதித்து, கி.மு. 6000 அளவிலேயே அங்கே திராட்சை ஒயின் இருந்தது என்று 2017இல் ஆய்வு வெளியிட்டார்கள். நம் மயிலாடும்பாறையில் இரும்புக்கு 4,200 ஆண்டு என்று வந்தபோது எவ்வளவு பெருமைப்பட்டோமோ, அதே பெருமையில் அந்த மருமகள் இதைச் சொன்னார்.

பானையைக் கழுவும் துடைப்பத்தையும் காட்டினார்கள். செர்ரி மரப்பட்டையை அடுக்கடுக்காகச் சேர்த்து, நீளக் கழியின் நுனியில் கட்டியது. பெரிய பானை என்றால் ஆளே உள்ளே இறங்கித் தேய்க்க வேண்டும். சுத்தமாகக் கழுவாத பானையில் எவ்வளவு நல்ல திராட்சை போட்டாலும் வீண் என்றார் பெரியவர். வருஷ வேலையில் பாதி கழுவுவதுதானாம்.

அடுத்தது தெலாவிக்குப் பக்கத்தில் ஒரு குயவர் வீடு. சக்கரம் கிடையாது. களிமண்ணைக் கயிறுபோலத் திரித்து, வட்டமாகச் சுற்றி, கையாலேயே ஒட்டி ஏற்றுகிறார். ஒரு நாளைக்குச் சில விரல் உயரம்தான். அது காய்ந்து இறுகினால்தான் மறுநாள் அடுத்த சுற்று. ஒரு பெரிய பானைக்கு இரண்டு மூன்று மாதம் ஆகிறது. ஒரு வாரம் போலச் சூளையில் சுட்டு, சூடு ஆறுவதற்குள் உட்புறம் தேன்மெழுகு தடவுகிறார்கள், நுண்துளைகளில் மெழுகு இறங்கி அடைத்துக்கொள்ளும். இங்கே நாற்பது நிமிடம்தான் கொடுத்தார்கள். என்னைக் கேட்டால் அரை நாள் இருக்கலாம்.

சாப்பாடு விஷயத்தில் பயப்பட வேண்டாம். முன்தினமே சைவம் என்று மகள் சொல்லி வைத்திருந்தாள். மண்சட்டியில் வேகவைத்த சிவப்புக் காராமணி மாதிரி ஒரு பயறு, லோபியோ என்று பெயர். வதக்கிய கத்தரிக்காயில் வால்நட் விழுது வைத்துச் சுருட்டியது, தக்காளி வெள்ளரிக்காய்ப் பச்சடி, பாலாடைக்கட்டி வைத்த ரொட்டி. தோனே என்ற அடுப்பு தந்தூரி அடுப்பு மாதிரி, அதன் உள்சுவரில் அறைந்து சுடுகிற நீள ரொட்டியைச் சூடாகக் கையில் கொடுத்தார்கள். என் மனைவி ஒரு பொழுதை அந்த ரொட்டியிலும் லோபியோவிலும்தான் முடித்தாள். அவர்களுடைய கிறிஸ்தவ சபையிலும் விரத நாட்கள் நிறைய உண்டு, அந்த நாட்களுக்கென்றே கறி, பால் இல்லாத சமையல் இருக்கிறது. அதனால் "விரதம்" என்று சொன்னால் சட்டென்று புரிந்துகொள்கிறார்கள். மேசைக்கு ஒரு தலைவர் உண்டு, தமாதா என்பார்கள். அவர் எழுந்து நாலு வார்த்தை பேசிய பிறகுதான் கோப்பையைத் தூக்க வேண்டும். பெரியவர்களுக்கு, இறந்தவர்களுக்கு, பிள்ளைகளுக்கு என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பேசினார். நான் சாறு நிரம்பிய கோப்பையைத்தான் தூக்கினேன், யாரும் வித்தியாசமாகப் பார்க்கவில்லை.

பிறகு அலவெர்டி என்ற பெரிய ஆலயம், 11ஆம் நூற்றாண்டில் கட்டியது. அங்கே உள்ள துறவிகள் இன்றும் குவெவ்ரியில் ஒயின் செய்கிறார்கள். பெண்கள் தலையை மூட வேண்டும், எங்கள் வீட்டில் சேலை முந்தானையே போதுமானதாக இருந்தது. அவர்கள் சிலுவையின் கைகள் இரண்டும் கீழே சரிந்திருக்கும். அந்த நாட்டுக்குக் கிறிஸ்தவத்தைக் கொண்டுவந்த புனித நினோ என்ற பெண் திராட்சைக் குச்சிகளைத் தன் கூந்தலால் கட்டிச் செய்த சிலுவை என்பது அவர்கள் நம்பிக்கை.

குறை என்று சொல்ல வேண்டியது கடைசி நிறுத்தம். வழிகாட்டி அதையும் இயற்கைத் தோட்டம் என்றே சொல்லி அழைத்துப் போனார். போனால் பெரிய ஆலை, வரிசையாக இரும்புத் தொட்டி, ஒரு மூலையில் காட்சிக்கு இரண்டு குவெவ்ரி, மீதி எல்லாம் கடை. பாட்டில் ஒன்றிலும் இயற்கைச் சான்று முத்திரை இல்லை. கேட்ட பிறகுதான், "இது இயற்கை முறை இல்லை, கடைசியில் எல்லாரும் வாங்கிக்கொள்ள வசதியாக" என்று ஒப்புக்கொண்டார். அங்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார வைத்தார்கள். குயவர் வீட்டுக்குக் கொடுக்காத நேரம் அது. எனக்கு நிஜமாகவே வருத்தம். இங்கே ஒன்று புரிந்துகொள்ளுங்கள். இயற்கை முறை என்பது தோட்டத்தின் சங்கதி, குவெவ்ரி என்பது பானையின் சங்கதி. மருந்தடித்த திராட்சையையும் குவெவ்ரியில் போடலாம், இயற்கைத் திராட்சையை இரும்புத் தொட்டியிலும் போடலாம். பயணம் விற்பவர்கள் இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுகிறார்கள். பணம் கட்டுவதற்கு முன்பே ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் தனித்தனியாகக் கேளுங்கள்: தோட்டத்துக்குச் சான்று உண்டா, ஒயின் எதில் ஊறுகிறது? அந்த நாட்டின் மொத்த ஒயினில் குவெவ்ரியில் செய்வது சின்னப் பங்குதான், அதனால் கேட்காமல் கிடைக்காது.

திரும்பும்போது இரவு ஒன்பது. அதுவும் சொன்ன நேரத்தைவிட ஒரு மணி நேரம் தாமதம். மறுநாள் பரீட்சை இருக்கும் பிள்ளையைக் கூட்டிப் போகாதீர்கள்.

பெரியவர் வீட்டில் ர்க்காட்சிதெலி ஒரு பாட்டில் வாங்கினேன், 40 லாரி. இந்தியாவுக்குள் ஆளுக்கு 2 லிட்டர் வரை சுங்கம் இல்லாமல் கொண்டுவரலாம், பெங்களூர் விமான நிலையத்தில் ஒன்றும் கேட்கவில்லை. சுர்ச்கேலாவும் நாலு சரம் வாங்கினோம். வால்நட்டை நூலில் கோத்து, மாவு சேர்த்துக் காய்ச்சிய திராட்சைப் பாகில் திரும்பத் திரும்ப முக்கிக் காய வைப்பது அது, பார்த்தால் மெழுகுவர்த்தி மாதிரி இருக்கும். ஒட்டுக்கட்டும் கொட்டகையில் துண்டு போட்டுக் கொடுத்தபோது, ஒரு அக்கா பல்லில் சிக்கிய நூலை இழுத்துப் பார்த்து, "பூக்கட்டுற மாதிரியே கோத்திருக்காங்களே" என்று மீதியை முந்தானையில் முடிந்துகொண்டு போனார்.

பாட்டிலைத் தீபாவளி கழிந்த பிறகுதான் திறந்தோம், மச்சானும் நானும். ஆளுக்கு அரை டம்ளர். முதலில் காய்ந்த மாம்பழத் தோல் வாசனை, பின்னாலேயே தேன். இனிப்பு இருக்கும் என்று நினைத்து வாயில் விட்டால் இனிப்பே இல்லை. மாங்கொட்டையின் பருப்பைக் கடித்தால் நாக்கைப் பிடிக்குமே, அந்தத் துவர்ப்பு. மச்சான் முகத்தைச் சுளித்து டம்ளரைக் கீழே வைத்தான். எனக்குப் பிடித்திருந்தது, அவன் வைத்ததையும் நானே எடுத்துக்கொண்டேன்.